ஜாதகத்துக்கு மூலை வளைத்த கதை

செல்போன் திரைக்காகப் படங்களை வெட்டி, மூலைகளை வளைத்துக் கொடுப்பது என் தொழில். ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாது, கொஞ்சம் பிசகினால் ஊரே போன் செய்யும். குரூப் போட்டோவில் ஓரமாக நின்று பாதிக் காதோடு பதிவான உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். கும்பகோணத்தில் ஒரு வரன் பார்க்கும் ஆப்புக்கு வேலை செய்தபோது நடந்தவை இவை.

டிராக்டர் எங்கே?

மாப்பிள்ளை முகம் வட்டத்துக்குள் தெரிய வேண்டும் என்பது எங்கள் ஆப்பின் விதி. திருவையாற்றுப் பக்கம் விவசாயம் பார்க்கும் மதிவாணன், மாலை போட்ட புது டிராக்டர் மேல் கைவைத்து நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார். டிராக்டரை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வட்டத்தில் வைத்தேன். ஆள் லட்சணமாகத்தான் இருந்தார். மறுநாள் காலையிலேயே அவருடைய அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள மூஞ்சிய மட்டும் பார்த்து யாருங்க பொண்ணு குடுப்பா? டிராக்டரையும் சேர்த்துக் காட்டுங்க!"

வழவழப்பு

ஆப்பை நடத்தும் எங்கள் மேடத்துக்குக் கூர்மூலை என்றாலே ஆகாது. பட்டன், போட்டோ எல்லாவற்றையும் வளைக்கச் சொன்னவர், கடைசியில் ஜாதகக் கட்டத்திலும் கை வைத்தார். அது சதுரமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று முனகிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"கல்யாண விஷயம்ப்பா. எல்லாம் வழவழன்னு இருக்கணும்."

எட்டுக் கிரகம்

வலங்கைமான் கலைச்செல்வி பள்ளிக்கூட டீச்சர். செவ்வாய் தோஷம். தோஷமுள்ள பெண்ணுக்குத் தோஷமுள்ள மாப்பிள்ளைதான் சேரும் என்பார்கள். அப்படி ஒருவர் அமையாமல் வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மூலையை வளைத்த பிறகு திடீரென்று வரன்கள் வரத் தொடங்கின. நம்ம டிராக்டர் மதிவாணனும் வந்து பார்த்தார். இருவருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது.

அப்போதுதான் கலைச்செல்வியின் அப்பா ஆப்பைத் திறந்து மகள் ஜாதகத்தில் கிரகங்களை எண்ணியிருக்கிறார். ஒன்று குறைந்தது. வலது மேல் மூலையில், மிதுனத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த செவ்வாயை என் வளைவு தின்றுவிட்டது! மகளையும் அழைத்துக்கொண்டு நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டார். நல்லவேளை, மனிதர் திட்டவில்லை.

"வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடையா நடந்தும் போகாத செவ்வாயை ஒரே சொடுக்குல அனுப்பிட்டீங்களே, தம்பி!"

ஸ்பீக்கரில் ஒரு போன்

இப்படியே விட்டுவிடலாமா என்று அப்பாவுக்குக் கொஞ்சம் சபலம். கலைச்செல்வி கேட்கவில்லை. அங்கேயே மதிவாணனுக்குப் போன் போட்டு, "எனக்குச் செவ்வாய் தோஷம் இருக்குங்க. ஆப்ல மூலை வெட்டுப்பட்டுப் போச்சு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். குரல் நடுங்காமல்தான் பேசினார். கைதான் என் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஒரு நல்ல பெண்ணின் கல்யாணம் என்னால் நிற்கப்போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு கேட்டது, அதன் பின்னால் சிரிப்பு.

"எனக்கும் அதே மூலையிலதாங்க உட்கார்ந்திருக்காரு. நீங்க வேணாம்னுடுவீங்களோன்னு எங்கம்மா மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க!"

அன்றைக்கே ஜாதகக் கட்டத்தைப் பழையபடி சதுரமாக்கிவிட்டேன். அவர்கள் கல்யாணப் பத்திரிகைதான், டிராக்டர் படத்தோடு, நாலு மூலையும் வளைந்து வந்தது.