ஈரத்துண்டு சுற்றிய லேப்டாப்

பாகூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு லேப்டாப் சர்வீஸ் கடை. கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளோடு ஒருவர் வந்தார். கொண்டுவந்த லேப்டாப்பை ஈரத்துண்டில் சுற்றியிருந்தார்.

"தண்ணி எறங்கினா செத்துடும்! எவன் சொன்னான் உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஜொரம் மாதிரி கொதிக்குதுபா."

துண்டைப் பிடுங்கிப் போட்டேன். உள்ளே ஃபேன் அலறியது. அவரோ லேப்டாப் மேல் வைத்த உள்ளங்கையை எடுக்கவே இல்லை. விலக்கிவிட்டுத்தான் பார்த்தேன். உள்ளிருக்கும் ஃபைல்களைப் படித்து அடுக்கும் வேலை ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பாதியே காப்பியான ஒரு வீடியோவில் சிக்கி, அது பிராசஸரை முழுசாகத் தின்றது.

"இது இன்னா வீடியோண்ணா?"

"எங்க வூட்டுக்காரி பேசனது. போன்லேர்ந்து இதுல ஏறிக்கினு இருக்கும்போதே போன் செத்துப்போச்சு. இப்ப அவளும் இல்ல."

"இது தொறக்காதுண்ணா. லேப்டாப்கிட்ட இத மட்டும் வுட்டுடுன்னு சொல்லிட்டா சூடு நின்னுடும். வீடியோ அப்படியே இருக்கும்."

"இப்ப அது இன்னா பண்ணுது?"

"தொறக்கப் பாக்குது. முடியல. திரும்ப மொதல்லேர்ந்து பாக்குது."

உள்ளங்கையை மறுபடி லேப்டாப் மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "நாங்கல்லாம் வுட்டுட்டோம்பா. அதுவாவது பாக்கட்டும்."

லேப்டாப்பை மூடினால் அந்த வேலை நின்றுவிடும் என்றேன். திறந்தபடியே ஒரு கையில் ஏந்தி, மறு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கரையாம்புத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

இன்னும் ஓடுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அவர் பேர்கூடத் தெரியாது.