தெரேஸ்புரத்தில் சிப்பியும் வெள்ளியும்

பிப்ரவரி 11, செவ்வாய். காலை 6.40: தூத்துக்குடி ரயில் நிலையம். வானம் மூடியிருந்தது. 7.15: தெரேஸ்புரம் கடற்கரை. தூரம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

இந்தியத் தத்துவ மரபுகளில் தருக்கத்துக்குரியதான நியாய தரிசனத்துக்கு மாணவர்களுக்கான ஓர் அறிமுக நூல் எழுதிவருகிறேன். ஒரு பக்கம் மட்டும் முடியவில்லை. கரையில் மின்னும் சிப்பியை வெள்ளி என்று எண்ணி ஒருவன் குனிகிறான். பிழையான அறிவை விளக்கப் பல தரிசனங்களும் எடுத்தாளும் உதாரணம் இது. என் கைப்பிரதிகளைத் திருத்தித் தரும் மனைவி அந்த வரியின் ஓரத்தில், "அப்படிக் குனிந்த யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று பென்சிலால் எழுதியிருந்தாள். பார்த்ததில்லை. ஐப்பசியில் அவள் காலமானாள். கேள்விக்கு விடை காணாமல் அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்ப என்னால் இயலவில்லை. உறக்கமற்ற ஓர் இரவுப் பயணம் அதற்காகவே.

படகோரம் இரண்டு சங்குகுளிக்காரர்கள் காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கேள்வியைச் சொன்னதும் இளையவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏலே, கேட்டியா? சிப்பிய வெள்ளின்னு எடுப்பானாம்!" பிறகு என்னிடம், "இங்கன எவனும் எடுக்க மாட்டான் சார். பொறந்ததுல இருந்து சிப்பிய மிதிக்கோம்."

"அப்படியானால் உங்களுக்கு ஏமாற்றமே கிடையாதா?"

"இவருக்கா?" என்றார் இளையவர். "நேத்து மூணு கல்ல அள்ளிட்டு மேல வாராரு. வீடு கட்டப் போறீயளாண்ணேன்னு கேட்டேன்."

"சும்மா கெடலே." மூத்தவர் சிரிப்பை அடக்கினார். "உள்ள சங்கு பாசி புடிச்சுக் கெடக்கும் சார். கலங்கல்ல கல்லும் அப்படித்தான் இருக்கும். நீங்க எறங்குனா ஏமாற மாட்டீய, கல்லு கல்லாத்தான் தெரியும். சங்கப் பாத்துப் பழகுனவனுக்குத்தான் கல்லு சங்காத் தெரியும்."

முப்பது ஆண்டுகள் வகுப்பில் நான் சொல்லிவந்தது இதுதான். முன்பு அறியாத ஒன்றை எவரும் மயக்கத்திலும் காண்பதில்லை என்கிறது நியாயம். பிழையில் தோன்றும் வெள்ளி பொய்யன்று; வேறோரிடத்தில் மெய்யாகவே இருக்கிறது. நினைவு அதைக் கொண்டுவருகிறது. எதிரே இருப்பதன்மேல் அதை ஏற்றிவிடுகிறோம். தவறு அவ்வளவே. வெள்ளியை எடுத்துவிட்டுச் சங்கை வைத்தால் பக்கம் முடிந்தது என்று எண்ணினேன்.

11.20: பழைய பேருந்து நிலையம். டீ பன்னிரண்டு ரூபாய். சாம்பல் நிறச் சேலையில் ஒரு பெண்மணி, பையை இடத்தோளில் மாட்டி, சற்றே சாய்ந்து நடந்து போனார். என் மனைவியின் நடை. எழுந்து நான்கு அடி சென்றுவிட்டேன். அவர் திரும்பினார், வேறு யாரோ.

"தெரிஞ்சவுகளா அண்ணாச்சி? டீ ஆறுது" என்றார் கடைக்காரர்.

"இல்லை" என்றேன்.

அந்தப் பக்கத்தில், வெள்ளி இருப்பது வேறோரிடத்தில் என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். பழைய ஆசிரியர்கள், வேறோரிடத்தில், வேறொரு காலத்தில் என்று இரண்டையும் சொல்வார்கள். மாணவருக்கு இடம் போதுமென்று காலத்தை நான்தான் விட்டேன். கடைத்தெருவில் கிடைக்கும் வெள்ளிக்கு இடம் போதும். அந்த நடைக்குப் போதாது.

செய்யாமல் விட்டவை:

குளிக்காரர்களின் பெயர்களைக் கேட்கவில்லை.

உடன்குடிக் கருப்பட்டி வாங்கவில்லை.

பக்கம் கையில் இருந்தது, பேனாவும் இருந்தது. "வேறொரு காலத்தில்" என்ற இரு சொற்களைச் சேர்க்கவில்லை.