நீங்க யாரோட சம்சாரம்?

மானாம்பதிப் பக்கம் நடவுக்குப் போகும் பெண்களில் மங்கம்மாவுக்குத்தான் கை வேகம். குடியிலும் அப்படித்தான். இடுப்பு வலிக்கு என்று ஆரம்பித்தது, வலி இல்லாத நாளிலும் நிற்கவில்லை. கடைக்குத் தானே போக மாட்டாள். வரப்பு வெட்ட வரும் எவனையாவது அனுப்பி வாங்கிக்கொள்வாள். வாங்கி வருகிறவன் வழியிலேயே ஒரு மடக்கு குடித்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். புருஷன் எல்லப்பன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். பீடியைக்கூடத் தொட்டதில்லை.

மகள் தேவகிக்குக் குழந்தை பிறந்த அன்று, நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி மங்கம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா கையில வேணாம் சிஸ்டர். எங்க மாமியாராண்ட குடுங்க" என்றாள் தேவகி, கண்ணைத் திறக்காமலே.

மங்கம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரமே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். குடியை விட நினைக்கிறவர்களுக்கு அங்கே கூட்டம் நடப்பதாக எல்லப்பன் மில்லில் கேட்டு வந்து சொல்லியிருந்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரோட சம்சாரம்மா?"

"எல்லப்பன் சம்சாரம்."

"அவரு வரலியா? சரி, குடும்பத்துக்காரங்க பக்கத்து ரூம்ல உக்காருங்க."

அந்த அறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அடி வாங்கியதைச் சொன்னால், அடுத்தவள் அதைவிடப் பெரிய அடியாகச் சொன்னாள். பந்தயம் மாதிரி இருக்கிறதே என்று மங்கம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. அவள் முறை வந்தது.

"எங்க வூட்டுக்காரரு குடிக்கிறதில்ல. குடிக்கிறது நானு."

அழுகை பட்டென்று நின்றது. இவ்வளவு நேரம் அவள் தோளில் சாய்ந்து மூக்கைச் சிந்தியவள், இப்போது முந்தானையால் அதே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். இத்தனைக்கும் மங்கம்மா அன்றைக்கு ஒரு சொட்டும் தொடவில்லை. புருஷன் குடித்தால் இவளுகள் புண்ணியவதிகள், தானே குடித்தால் நாற்றம் போலிருக்கிறது என்று நினைத்தபடி எழுந்து வந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு மேரி ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஊழியக்காரர் அவள் தலையில் கையை வைத்து உலுக்கினார். பிடித்த பேய் போக வேண்டுமானால் கீழே விழ வேண்டுமாம். மற்றவர்கள் வரிசையாக விழுந்தார்கள். மங்கம்மா நின்றாள்.

"விழும்மா" என்றார் அவர், காதோரம், மெதுவாக.

"விழறதுக்கா இங்க வந்தேன்? அது எனக்கே தெரியும்" என்றாள்.

கடைசியில் உத்திரமேரூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற ஒரு கூட்டம் அகப்பட்டது. நடத்துகிறவர் ஜான்சன், ரிட்டயர் ஆன கண்டக்டர். பிள்ளைகளின் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க ஏழெட்டு ஆண்கள்.

"லேடீஸ் யாரும் இதுக்கு முன்னாடி வந்ததில்லமா" என்று ஜான்சன் தலையைச் சொறிந்தார்.

"இப்ப வந்துக்கீறேன்ல" என்று சொல்லி மங்கம்மா குந்தினாள்.

டிப்பர் லாரி ஓட்டும் ஏசுதாஸ் பேசிக்கொண்டிருந்தான். தான் எவ்வளவு குடித்தான், எத்தனை பேரை அடித்தான் என்று சண்டைக்காட்சி மாதிரிச் சொன்னான். பிறகு குரலை இறக்கி, தன் பெண்டாட்டி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட தெய்வம் என்றான். மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்றான் ஏசுதாஸ்.

"ஒதைக்கிறப்ப அது தெய்வம்னு தெரியலியா ஒனக்கு?"

"ஆம்பள குடிக்கிறது வேற. பொம்பள குடிச்சா அது வேற."

"இன்னா வேற? எனக்கு மட்டும் இனிக்குதா?"

அறையில் யாரோ செருமினார்கள். "அவங்க பேசட்டும்பா" என்றார் ஜான்சன்.

பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் வாய் வேறெங்கோ போனது.

"எத்தினியோ வாட்டி வரப்புல வுயுந்து கெடந்துக்கீறேன். எங்க வூட்டுக்காரரு வந்து தூக்கினு போவாரு. ஒரு வார்த்த திட்ட மாட்டாரு. அவரப் பாத்தா எனக்குக் கேவலமா இருக்கும், இவன்லாம் ஒரு ஆம்பளயான்னு. அப்பால, யாரு கேவலம்னு தோணும். அத்த நெனைக்காம இருக்கத்தான் மறுபடி குடிப்பேன்."

யாரும் தோளைத் தட்டவில்லை. யாரும் அழவில்லை. ஏசுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வாராவாரம் போனாள். அந்த ஆண்களைப் பற்றிய அவள் அபிப்பிராயம் மாறவில்லை. பொய் சொல்லும்போது மூஞ்சி எப்படிப் போகும் என்று ஒவ்வொருத்தனிடமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து எல்லப்பனிடம் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். அவன் வாய்விட்டுச் சிரிப்பான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

பொங்கலுக்கு வழுக்கி, மறுபடி குடித்துவிட்டாள். மறுவாரம் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னாள். ஏசுதாஸ் உதட்டைச் சுழித்துச் சிரித்தான். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவனை மனசுக்குள் வைதுகொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறன்று காலை, முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். அவன் குடித்துவிட்டு வந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பதென்று தீர்மானம். அவன் தெளிவாக, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். அவளுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அவனுக்கு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.