எஸ்தர் டீச்சரும் என் பிஸ்கட் அநியாயங்களும்

பொன்னேரி சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கன்வாடி ஆயா கன்னியம்மாள் போன் செய்தாள். "மாமா, எஸ்தர் டீச்சரு போயிட்டாங்க." "எந்த ரயிலுக்கு?" என்றேன். அவர் எப்போதும் ஏதாவதொரு ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவர்தானே. கன்னியம்மாள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கையிலிருந்த வெண்டைக்காயை என்ன செய்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். கும்மிடிப்பூண்டி முதல் காட்டுப்பள்ளி வரை, இந்த அகண்ட பூமண்டலத்தில் என்னைவிடக் கொடியவன் பிறக்கவில்லை என்று சத்தியம் செய்ய ஐந்து வயதுக்குட்பட்ட சாட்சிகள் ஒரு பட்டாளமே உண்டு. அந்தப் பட்டத்தை எனக்குச் சூட்டியவர் எஸ்தர் டீச்சர்.

சின்னக் குழந்தைகளுக்கு நியாயம், அநியாயம் என்பதெல்லாம் எப்படிப் பிடிபடுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சிப்காட் கம்பெனியில் ஓய்வு பெற்று வீட்டில் வெட்டியாக வீற்றிருந்த அடியேனிடம் ஒருநாள் வந்தார். "அண்ணா, கொழந்தைங்களுக்கு முன்னாடி அநியாயம் பண்ண ஒரு ஆளு வேணும். வரீங்களா?"

"அதுக்கு டிரெயினிங்கே வேணாம் டீச்சர். அத்தனை வருஷம் கம்பெனில இன்னாத்த பாத்தேன்?" என்றேன்.

வேலை இதுதான். அங்கன்வாடியில் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து நான் பிஸ்கட் கொடுப்பேன். ஒருத்தனுக்கு மலைபோல, பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்றே ஒன்று. டீச்சர் மூலையில் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பார். முடிந்ததும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு, "மாமா சும்மா வெளையாடினாரு" என்று அவரே சொல்லிவிடுவார். அதை எந்தக் குழந்தையும் முழுதாக நம்பியதில்லை என்பது வேறு கதை. யுவஸ்ரீ என்றொரு வீராங்கனை, "கண்ணு தெர்லயா ஒனக்கு? எனக்கு ஏன் கம்மி?" என்று கேட்டு என் முழங்காலைக் கடித்தாள். அன்று வழிந்த ரத்தத்தில் ஆரணியாறே சிவந்தது. டீச்சர் அசரவில்லை. "தனக்குக் கொறஞ்சா எறும்புகூட கடிக்கும்ணா. பக்கத்துல இருக்கறவளுக்குக் கொறஞ்சா யாரு வாயத் தொறக்கறாங்க? அதுக்காகத்தான் நான் ஒக்காந்துகினு இருக்கேன்." அப்படி ஒரு குழந்தையும் அதுவரை வாய் திறக்கவில்லை.

அப்புறம் அஞ்சலியின் நாள் வந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு பிஸ்கட் வைத்தேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் அதை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டு, "எங்களுக்கு இவ்ளோதான் குடுப்பாங்க" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. இன்று வெள்ளிக்கிழமை என்பதுபோலச் சொன்னாள்.

நடுவில் யாரும் குறுக்கே வரக்கூடாது என்று சட்டம் போட்ட டீச்சரே எழுந்து ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். தட்டிலிருந்த அத்தனையையும் அவள் மடியில் கொட்டினார். மற்ற குழந்தைகள் திகைத்துப் பார்த்தார்கள். அன்று விளையாட்டு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்காமல், "ஆராய்ச்சியக் கவுத்துட்டீங்களே டீச்சர்" என்றேன்.

"ஆராய்ச்சி போனா போவட்டும்ணா. திரும்ப ஆரம்பிக்கலாம். இத அவ மனசுல யாரோ எப்பவோ எழுதிட்டுப் போயிட்டாங்க. அத நான் எதால அழிப்பேன்?" செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் வந்து அவகிட்ட ஒக்காந்து பேசறேன்" என்றார்.

அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதன்பின் அந்த அங்கன்வாடிப் படியை அவர் மிதிக்கவேயில்லை. பார்க்கப் போனபோதெல்லாம், "அஞ்சலி வராளாண்ணா?" என்று மட்டும் கேட்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நானே அங்கன்வாடிக்குப் போனேன். பேசத் தெரியாது எனக்கு, கூத்தடிக்கத்தான் தெரியும். "அன்னிக்கு மாமா பண்ணது தப்பு. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தரணும். இன்னிக்கு நீ குடும்மா" என்று தட்டை அஞ்சலியிடம் நீட்டினேன். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இரண்டிரண்டாக வைத்தாள். கடைசியில் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என்னிடமே நீட்டினாள்.

அப்போது தருண், அந்த அறையில் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளை, "ஏய், ஒனக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒண்ணு? இந்தா" என்று தன் பிஸ்கட்டில் ஒன்றை அவள் கையில் திணித்தான். அவள் வாங்கலாமா என்று யோசித்தாள். பிறகு வாங்கிக் கடித்தாள்.

எதற்காக டீச்சர் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரோ, அது நடந்துவிட்டது. மூலையில் அவர் உட்காரும் பாய் மட்டும் சுருட்டிக் கிடந்தது.

அவர் இருந்திருந்தால் சந்தோஷப்படுமுன் கேட்டிருப்பார்: "சொல்றதுக்கு முன்னாடி அவன் யாரு மூஞ்சியப் பாத்தான்ணா, அவளுதயா, ஒங்களுதயா?" நான் கவனிக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் எங்கே சோறு போட்டாலும் என் தட்டில் விழுந்ததைப் பார்ப்பதற்கு முன் அடுத்த தட்டைப் பார்க்கிறேன். பார்த்து முடிப்பதற்குள் ஆறிப்போன சாம்பாரைத்தான் சாப்பிடுகிறேன்.