ஆறரைத் தோன் அம்புகள்

மூங்கில் வெட்டுவதும் காய வைப்பதும் கரி நெருப்பில் வாட்டி நிமிர்த்துவதும் கில்சுவின் வேலை. அவற்றில் எது எதற்குச் சோடி என்று சொல்வது அவன் மனைவி புனிமின் வேலை. தலைநகர் சியோலிலிருந்து வெகுதூரத்தில் இருந்த அந்த ஆற்றங்கரை ஊரில் அம்பு செய்கிறவர்கள் மூன்று வீட்டுக்காரர்கள். மற்ற இரண்டு வீட்டாரும்கூடச் சிக்கலான நேரத்தில் குச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு புனிமிடம் வருவார்கள்.

அவளிடம் நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தது. அதில் அம்பைத் தோன் கணக்கில் நிறுப்பாள்; ஒரு தோன் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. தோனில் பத்தில் ஒரு பங்கு ஒரு புன்; அந்த ஒரு புன் கூடினாலும் குறைந்தாலும் குச்சி வேறு கட்டுக்குப் போய்விடும். தளர்ந்த வில்லில் கனத்த அம்பைப் பூட்டினால் இலக்குப் பலகைக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும். முரட்டு வில்லில் இலேசான அம்பைப் பூட்டினால் வாலை ஆட்டிக்கொண்டு பலகையைத் தாண்டிப் போகும். எடை மட்டும் ஒத்தால் போதாது. கத்தியின் முதுகில் கிடத்தினால் பத்து அம்பும் ஒரே இடத்தில் சாயாமல் நிற்க வேண்டும். அப்படிப் பத்து சேர்க்க அவளுக்கு இருநூறு குச்சிகள் வேண்டியிருக்கும்.

ஊரில் எந்த ஆணின் தோள் எவ்வளவு வலு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முப்பத்தொரு வயதுவரை அவள் வில்லைத் தொட்டதில்லை.

அந்த வருஷம் அறுவடைத் திருநாள் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் கில்சு காலில் நெருப்புக் கரியைக் கொட்டிக்கொண்டான். குன்றின்மேல் இருந்த வில்மண்டபத்துக்கு அம்புக் கட்டுகளைப் புனிம்தான் சுமந்து போனாள். ஆண்கள் எல்லாரும் பின்பக்கம் மரத்தடியில் பயற்றடையும் அரிசிக்கள்ளுமாக உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தில் ஆளில்லை. நாண் ஏற்றிய வில் ஒன்று தூணில் சாய்ந்திருந்தது.

கட்டை இறக்கி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு வில்லை எடுத்துக் கட்டைவிரலால் நாணைக் கோத்து இழுத்தாள். எதிரே நூற்று நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி, நெல் வயலுக்கு அப்பால், பலகை ஒரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. நாண் காதோரம் வந்தது. பத்து எண்ணும்வரை கை நடுங்கவில்லை. அம்பில்லாமல் நாணை விட்டால் வில் உடையும் என்பது தெரியுமாதலால் மெல்ல மெல்லத் தளர்த்தினாள்.

“அடேயப்பா! அம்புக்காரர் வீட்டம்மாவா?” மண்டபத் தலைவர் க்வாக் பின்னால் நின்றிருந்தார். “அது துணி அடிக்கிற கட்டை இல்லம்மா. கீழ வைங்க.”

அவர் பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

“சும்மா பாத்தேங்க.”

“பாக்கலாம், பாக்கலாம். எங்கப்பா காலத்துல பொம்பளைங்க இந்தப் படியே ஏறினதில்ல. கில்சு கால் வெந்துபோச்சேன்னு விட்டேன்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. போகும்போது பிள்ளை ஹேவொனுக்குக் கொடு என்று ஓர் அடையை இலையில் சுற்றித் தந்தார். புனிம் அதை வாங்கிக்கொண்டு குன்று இறங்கினாள். காது சுட்டது. ஆனால் இறங்குகிற வழியெல்லாம் தோளுக்குள் அந்த வில் இழுத்துக்கொண்டே இருந்தது. பாதி வழியில் அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது. இந்தக் கைக்கு, அந்த வில்லுக்கு, ஆறரைத் தோன்.

அடுத்த இரண்டு குளிர்காலமும் கழித்துப் போட்ட குச்சிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஆண்கள் அம்பைவிட இரண்டு விரற்கடை குறைத்து வெட்டினாள். ஃபெசன்ட் என்ற காட்டுப் பறவையில் பெட்டையின் பழுப்புச் சிறகை யாரும் விரும்ப மாட்டார்கள், அதைத்தான் ஒட்டினாள். பத்தாவது அம்புக்கு மட்டும் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் கத்திமேல் சாயாமல் நின்ற அன்று தராசைத் துடைத்து வைத்துவிட்டுச் சோறு ஆக்கப் போனாள்.

எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அலமாரிமேல் வைத்ததை ஒருநாள் கில்சு பார்த்துவிட்டான்.

“ஹேவொன் அம்மா, இது யாருது?”

“சியோல்காரர் ஒருத்தர். கடுதாசி போட்டிருந்தார்.”

கில்சு ஓர் அம்பை எடுத்துத் தன் கையோடு வைத்து அளந்தான். “ரொம்பக் குட்டைக் கை போல இருக்கே.”

“ஆமா.”

“சரி,” என்று திரும்பச் சுற்றி வைத்துவிட்டான்.

இருபது வருஷம் அவை அங்கேயே இருந்தன. மகள் படித்தாள், கல்யாணமாகித் தேகு நகரத்துக்குப் போனாள். க்வாக் இறந்தார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புனிம் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பாள். மழைக்காலம் மூங்கிலை முறுக்கிவிடும். ஆனால் இவை பத்தும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். நல்ல மூங்கில்தான் என்று நினைத்துக்கொள்வாள். மற்றபடி, குன்றின்மேலிருந்து பலகையில் அம்பு தைக்கிற டக் சத்தம் காற்றில் வரும்போதெல்லாம் கையில் இருப்பதை ஒரு நொடி நிறுத்துவாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தாக் டீச்சர் மாற்றலாகி வந்தாள். முப்பது வயதுக்காரி, கல்லூரியிலேயே வில் பழகியவள். நேரே மண்டபத்துக்குப் போய்ப் பெயர் எழுதச் சொன்னாள். பொம்பளைக்கு இடமில்லை என்றார்கள். “எந்த விதியில இருக்கு, காட்டுங்க,” என்றாள். அறுபது வருஷத்துப் பதிவேட்டைத் தூசி தட்டிப் புரட்டினார்கள். அப்படி ஒரு விதியை எழுதி வைக்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று புனிம் முட்டைக்கோசுக்கு உப்பு பிசிறிக்கொண்டிருந்தாள். “நானும் போகலாமான்னு பாக்கறேன்,” என்றாள்.

“எங்க, சந்தைக்கா?”

“வில்லுக்கு.”

கில்சு சிரிக்கவில்லை. “முட்டி வலின்னு நேத்துதானே சொன்ன?”

“முட்டியால யாரும் அம்பு விடறதில்ல.”

நான்கு மாதம் வெறும் இழுப்புப் பழகினாள். மண்டபத்தில் இருந்த வலுவான வில் அவள் மார்போடு நின்றுவிட்டது, காதுவரை வரவில்லை. இளகிய வில் ஒன்றைக் கொடுத்தார்கள். அது வந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு காலை அலமாரிமேலிருந்து பத்து அம்பையும் எடுத்துப் போனாள்.

முதல் அம்பு பலகைக்குப் பத்தடி முன்னால் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. பத்தும் அங்கேயே. பலகையடியில் அம்பு பொறுக்குகிற கிழவர் கைகளைக் குவித்துக் கூவினார்: “யாரு எடை பாத்த அம்பு இது? ஒரே பாத்தியில நாத்து நட்டாப்ல நிக்குதே!”

எல்லாரும் சிரித்தார்கள். புனிமும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சிறு கத்தியை எடுத்துக்கொண்டு முதல் அம்பைச் சீவ உட்கார்ந்தபோது கில்சு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஒரு தோன் குறையச் சீவினா தோல் போயிடும். மூங்கிலோட பலமே தோல்லதான். உனக்கா தெரியாது?”

“தெரியும்.”

“அப்புறம்? இருபது வருஷமா மழை முடிஞ்சதும் நெருப்புல காட்டி நிமித்தி வெச்சேன். நீ சீவிக் கெடுக்கவா?”

புனிம் நிமிர்ந்து பார்த்தாள்.

“சியோல்காரர் வந்து கேட்டா வளைஞ்ச அம்பையா குடுக்கறது?” என்று முணுமுணுத்துவிட்டு அவன் கரி அள்ளப் போய்விட்டான்.

அவள் கத்தியை மடியில் வைத்தாள். அவன் தெரிந்தே இருந்திருக்கிறான். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, தானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்போது என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாள். ஒன்றும் நடந்திருக்காது என்பதும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் கில்சு ஐந்தரைத் தோனில் புது அம்பு செய்து கொடுத்தான். வசந்தத்தில் அவள் முதல் முறை பலகையில் அடித்தாள். பட்டதற்கு அடையாளமாகப் பலகையடியில் கொடி அசைந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் இளகிய வில்லை இழுக்கும்போது, முன்னொரு நாள் பத்து எண்ணும்வரை நின்ற அந்தக் கை இது இல்லை என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

அப்போதுதான் தாக் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அவள் கடையில் வாங்கியிருந்த அம்புகள் இலேசு, வில் முரடு, வால் ஆடிக்கொண்டே போகும் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

“எனக்கு மூங்கில்ல வேணும் மாமா. ஆறரைத் தோன். கை குட்டை, ரெண்டு விரல் குறைச்சுக்கங்க.”

கில்சு மனைவி பக்கம் பார்க்கவே இல்லை. “செய்யலாம்மா. இலையுதிர் காலம் ஆகும். மூங்கில் காயணும்ல.”

புனிம் அடுப்படிக்குப் போனாள். கொதித்த தண்ணீரை இறக்கினாள். அலமாரியின் முன்னால் போய் நின்றாள். கொடுக்க மனம் வரவில்லை. அதை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய அம்புக் கட்டை எடுத்து வந்து தரையில் வைத்தாள்.

“இதப் போட்டுப் பாருங்க டீச்சர்.”

மறுநாள் மண்டபத்தில் தாக் டீச்சர் முதல் அம்பைப் பூட்டியபோது, புனிம் பின்னால் நின்றாள். நாண் காதோரம் வந்தது. புனிமின் வலது தோள் தானாகப் பின்னுக்குப் போனது. அம்பு வயலைத் தாண்டியது, கொஞ்சமும் ஆடவில்லை. டக். ஐந்தில் மூன்று தைத்தன.

“இது அம்பே இல்லக்கா,” என்று டீச்சர் திரும்பினாள். “சொன்ன பேச்சுக் கேக்குது! யாருக்குச் செஞ்சது?”

“சியோல்காரர் ஒருத்தருக்கு. அவர் வரல.”

இரண்டு வருஷத்தில் டீச்சருக்கு மறுபடி மாற்றல் வந்தது. அம்புகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். புனிம் வாங்கவில்லை. “அலமாரிமேல ஏத்தி வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எடுத்துட்டுப் போங்க.” பேருந்து போன பிறகு மண்டபத்துக்கு ஏறிப் போய் ஐந்து அம்பு விட்டாள். இரண்டு பட்டன.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நேரம், தொலைபேசி அடித்தது. கடற்கரை ஊரிலிருந்து தாக் டீச்சர். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“அக்கா! அஞ்சுக்கு அஞ்சு! இப்பத்தான். உங்க அம்பு அஞ்சும் பட்டுச்சு!”

புனிம் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “காத்து எந்தப் பக்கம்?” என்றாள்.

“கடல் பக்கத்துலேருந்து. பலமாத்தான் அடிச்சுது.”

“மொத அம்பு எங்க பட்டுது? மேலயா, கீழயா?”

டீச்சர் சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவதுவரை சொன்னாள். புனிம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சாப்பாட்டுப் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கில்சு, “சூப் ஆறுது, ஹேவொன் அம்மா,” என்றான்.

அவள் அவனைக் கையமர்த்தினாள்.

“டீச்சர், வெச்சிடாதீங்க,” என்றாள். “இன்னொரு தரம் சொல்லுங்க. மொத அம்புலேருந்து.”