சுண்டைக்காய் வீட்டு மாப்பிள்ளை

திருப்பதியில் ஒரு காலேஜில் நான் தாவரவியல் வாத்தியார். செடிகளின் லத்தீன் பெயரைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. செடியை உயிரோடு வைத்திருப்பது என் வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மொட்டைமாடியில் இதுவரை என் கையால் செத்த அத்தனை செடிகளையும் முழுப் பெயரோடு மரியாதையாகத்தான் அனுப்பிவைத்திருக்கிறேன்.

முழுப் பெயர் என்றால் இரண்டு சொல். முதலில் பேரினம், அப்புறம் சிற்றினம். கத்திரிக்காய் என்றால் சொலானம் மெலொஞ்சினா. உருளைக்கிழங்கு என்றால் சொலானம் டியூபரோசம். எங்கள் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே வராது. அவர்களுக்கு இன்டிபேரு என்கிற வீட்டுப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். "சொலானம்தான் இன்டிபேரு. இன்டிபேரு ஒண்ணா இருந்தா பங்காளிங்க" என்றால் வகுப்பே தலையாட்டும். நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்குத்தான் வீட்டுப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இன்டிபேரு கேட்டார்களாம். நைனா திருதிருவென்று முழித்துவிட்டு ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கே என் பெயரைக் கூப்பிட்டாலும் ஒரு ஊரே முன்னால் நடக்கிறது, நான் பின்னால் போகிறேன்.

சாந்திபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ஒரு நாள் காலையில் போன் பண்ணினாள். அவர்கள் போட்ட தக்காளி இரண்டாவது தடவையும் போய்விட்டது.

"எல பச்சையாத்தான் கீது. ஆனா தல தொங்கிக்கினு நிக்குது. தண்ணி பாய்ச்சினாலும் நிமுரல. உங்க மாமா, இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா நெலத்த வுட்டுட்டு பெங்களூர்ல பையங்கூடப் போயி அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனா நிக்கிறேன்றாரு. நான் அங்க போயி இன்னாத்தடா பண்ணுவேன்? லிப்ட்டுக்குத் தண்ணி பாய்ச்சுவனா?"

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சித்தூர் வழியாக பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

தலை தொங்கிய செடி ஒன்றின் தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அறுத்த வாயிலிருந்து பால் மாதிரி மெல்லிய இழை ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. பாக்டீரியா வாடல். மண்ணிலேயே தங்கி வேர் வழியாக ஏறுகிற கிருமி.

"சரி, தக்காளி வேணாம். கத்திரி வெச்சிடலாம்" என்றார் மாமா.

"அது ஒரே இன்டிபேரு மாமா. அதையும் பிடிக்கும்."

"மொளகா?"

"இன்டிபேரு வேற, ஆனா ஒரே குலம்."

"உருள?"

"சொந்தப் பங்காளி."

மாமா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "இன்னா மச்சான், எந்தச் செடியச் சொன்னாலும் தக்காளிக்கு ஒறவுன்றியே. எங்க கல்யாணத்துக்குக்கூட இத்தினி பேரு வர்ல."

"ராகி போடலாம். அது புல் வகை, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ராகி நாங்க துன்றதுக்கு ஆவும். தக்காளின்னாதான் மார்க்கெட்டு" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அவ்ளோ பெரிய குடும்பத்துல இந்த நோவுக்குச் சாவாத ஆளு ஒருத்தங்கூடவா இல்ல?"

என் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரீட்சைக்கு வராது என்று உட்காரவைத்திருப்பேன்.

"கீதுக்கா. சுண்டைக்காய்."

சொலானம் டார்வம். வேலியோரம் யார் தயவும் இல்லாமல் நிற்கிற செடி. அதன் வேரில் இந்தக் கிருமி சுலபத்தில் ஏறாது. தக்காளிக்கும் அதற்கும் ஒரே வீட்டுப் பெயர் என்பதால் ஒன்றின் தலையை இன்னொன்றின் வேரில் ஒட்டலாம். ராகியோடு ஒட்ட முடியாது. இத்தனைக்கும் தக்காளி நெடுநாள் லைகோபெர்சிகம் என்று தனி வீட்டுப் பெயர் வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்திய ஆசாமி. மரபணுவைத் தோண்டிப் பார்த்தவர்கள், நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதானப்பா என்று சொலானத்துக்கே கூட்டிவந்துவிட்டார்கள். இவ்வளவையும் அந்த வரப்பில் நின்று சொன்னேன்.

"சுருக்கமாச் சொன்னா, தக்காளி அங்க வீட்டோட மாப்பிள்ளையாப் போவுது."

"அதான் இவ்ளோ வெவரமாச் சொல்றான்" என்றாள் அக்கா மாமாவிடம். நான் திருப்பதியில் இருப்பது மாமனார் வீட்டு மாடியில்.

மாமாவுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "சுண்டைக்காய் வேருன்றியே, தக்காளி கசக்காதா?"

"இத்தினி வருஷமா மாமனார் வீட்ல கீறேன். நான் அவர மாதிரி ஆயிட்டனா?"

"இல்ல. அவுரு நல்ல மனுசன்."

குப்பம் போகிற ரோட்டில் ஒட்டு நாற்று விற்கும் நர்சரி ஒன்று இருந்தது. மூன்று பேரும் போனோம். ஒவ்வொரு நாற்றிலும் ஒட்டுப்போட்ட இடத்தில் பச்சை நிறத்தில் சின்ன பிளாஸ்டிக் கிளிப். நர்சரிக்காரம்மா தெலுங்கில் என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து நான் அவருக்குத் தக்காளியின் பழைய வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இடையில் ஒரு வாக்கியம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு மேலே தொடர்ந்தேன்.

நாற்று நன்றாகப் பிடித்தது. மண் அணைக்கிற நேரத்தில் மறுபடி போனேன். எங்கள் பக்கத்தில் தக்காளிக்குத் தண்டு பாதி மறைகிற மாதிரி மண் ஏற்றுவார்கள். மண் பட்ட இடத்திலெல்லாம் தண்டு வேர் விடும், செடி காற்றுக்கு அசையாது. போன வாரமே மாமா ஓரத்துச் சால்களை முடித்துவிட்டிருந்தார். மிச்சத்துக்கு நானும் லுங்கியை மடித்துக் கட்டி மண்வெட்டி பிடித்தேன். மாமா இரண்டு சால் முடிப்பதற்குள் நான் அரைச் சால். வாய் மட்டும் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. "பாத்தீங்களா மாமா, தக்காளித் தண்டு எங்க மண்ணு பட்டாலும் வேர் விடும். இதுக்குப் பேரு என்னன்னா..."

அக்கா மோர் கொண்டுவந்தாள். சொம்பை வைத்துவிட்டு வயலைப் பார்த்தாள். "டேய், கிளிப்பெல்லாம் எங்கடா? நேத்து வரைக்கும் பச்சப் பச்சையாத் தெரிஞ்சிதே."

"மண்ணுக்குள்ள போயிடுச்சு."

சொன்னேன். அதோடு வாய் நின்றுவிட்டது. கிளிப்புக்கு மேலே இருப்பது தக்காளி. மண்ணுக்குள் அது விடப்போகும் வேர் தக்காளி வேர். கிருமி காத்துக்கொண்டிருப்பது அந்த மண்ணில். சுண்டைக்காய் வேரைத் தேடி நர்சரி வரை போய்விட்டு, கிருமி அதைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழியும் நானே வெட்டிக்கொடுத்திருக்கிறேன். நர்சரிக்காரம்மா இடையில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இப்போது தெளிவாகக் காதில் கேட்டது. ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கணும் சார்.

"இன்னாடா ஆச்சு? மூஞ்சி தொங்கிப்போச்சே, தக்காளி கணக்கா" என்றாள் அக்கா.

விஷயத்தைச் சொன்னேன். மாமா திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பெங்களூர் ரோடு இருக்கும் திசையில் ஒரு தடவை பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, "எடுத்துடலாம் வா" என்றார்.

மண்வெட்டி பட்டால் தண்டு காயமாகும் என்று மூன்று பேரும் விரலாலேயே மண்ணைப் பறித்தோம். பச்சை கிளிப் கண்ணில் படுகிறவரை ஒவ்வொரு செடியாக. போன வாரம் அணைத்த சால்களில், தண்டில் வெள்ளையாக வேர் கிளம்பிவிட்டிருந்தது. அக்கா அதை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள், குழந்தைக்குப் பேன் பார்க்கிற மாதிரி. ரொம்ப நேரம் கழித்து மாமாதான் ஒரு கிளிப்பைத் தட்டிக் காட்டினார்.

"மச்சான், இதுக்கு லத்தீன்ல இன்னா பேரு?"

அக்கா சிரித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு மோர் இறங்கியது.

ஊர் திரும்பியபிறகு தினமும் காலையில் அக்காவுக்கு போன் போடுவேன். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது, "தொங்குதா?" என்று மட்டும் கேட்பேன். ஓரத்துச் சால்களில் சில செடிகள் தொங்கின. பிடுங்கி எரித்தார்கள். பக்கத்துச் செடிக்குத் தாவுமோ என்று வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட மனசு சாந்திபுரத்தில் கிடந்தது. தாவவில்லை. உள்சால்கள் நின்றன, பூத்தன, காய்த்தன. மாமாவை வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பையன், பறிக்க ஆள் போதவில்லை என்று லீவு போட்டுவிட்டு வந்தான்.

தக்காளி கசக்கவில்லை. என் மாமனாரே ரசம் வைத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். அடுத்த போகத்துக்கு நாற்று எடுக்க நர்சரிக்குப் போகிறார்களாம்.

"நானும் வரட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாண்டா. அந்தம்மா சொல்றத இந்த தபாவாவது நான் கேக்கணும்."