தூக்கிவிடச் சொன்ன மீன்கூடை

இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம். குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள், மீறினால் டிஸ்க் மறுபடியும் பிதுங்கிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாற்பது வயதில், பார்க்கத் திடகாத்திரமாக இருக்கிற நான் அதை வெளியே சொல்லக் கூசினேன்.

அன்று தேவிபட்டினம் பஸ் ஸ்டாப்பில் மீன் விற்கிற ஒரு அக்கா, "தம்பி, இந்தக் கூடையைக் கொஞ்சம் தலையில ஏத்தி விடுங்க" என்றார். மறுக்க வாய் வரவில்லை. குனிந்து கூடையைப் பிடித்தேன். சட்டை மேலே ஏறியதில், ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் போடச் சொன்ன இடுப்பு பெல்ட் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"விடுங்க தம்பி! ஆபரேஷனா?"

"ஆமாக்கா, டிஸ்க்."

"சொல்ல மாட்டீகளா? எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டாவது மாசமே வலையைத் தூக்குனாரு. மறுபடியும் ஆபரேஷன். இன்னும் கடலுக்குப் போகல."

கூடையை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவர் வேறொருவரைக் கூப்பிட்டுக் கூடையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், "ஆபரேஷன் பண்ணிருக்கு, தூக்க முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.